நாலு அவுன்ஸுக்கு இரண்டு கரண்டி

மடத்தில் சமையல் பார்க்கும் சடையப்பனுக்கு அறுபது வயது. மடத்துத் தலைவரான சாமிக்கு நாற்பது. ஆனாலும் சாமிதான் குரு, சடையப்பன் சீடர்.

ஒரு நாள் காலையில் சாமி அடுப்படிக்கு வந்தார்.

“உங்க தங்கச்சி பவுனு வாசல்ல நிக்கிறாங்க. மக ஆஸ்பத்திரியில இருக்காளாம். பேத்தியத் தூக்கிட்டு வந்திருக்காங்க. உங்களைப் பாக்கணுமாம்.”

“நான் பாக்க மாட்டேன் சாமி.”

“முப்பது வருசம் ஆச்சே.”

“ஆகட்டும். பொண்டாட்டி பிரசவத்துல போனதும் எம்புள்ளைய இவ கையிலதான் கொடுத்தேன். புட்டிப்பால் கொடுத்தா. வயித்தால போயிப் போயி, எலும்பும் தோலுமாகி, அஞ்சாம் மாசம் செத்துட்டான். அந்த முகத்தை எப்படிப் பாக்குறது, நீங்களே சொல்லுங்க.”

சாமி, பவுனு கொண்டுவந்த பால்புட்டியையும் பவுடர் டப்பாவையும் மேடையில் வைத்தார்.

“குழந்தை பசியில அழுவுது. நாலு அவுன்ஸ் கலந்து கொடுங்க.”

குழந்தையின் மேல் சடையப்பனுக்குக் கோபமில்லை. காலிப் புட்டியில் குடத்துத் தண்ணீரை ஊற்றிக் குலுக்கிக் கொட்டினார். அதே தண்ணீரை நாலு அவுன்ஸ் பிடித்து, இரண்டு கரண்டி பவுடர் போட்டார்.

“டப்பாவுல நாலு கரண்டின்னு போட்டிருக்கே?”

“எழுதுனவனா புள்ள வளக்குறான்? கெட்டியா கொடுத்தா பச்சப்புள்ளைக்குச் செரிக்காது சாமி.”

“புட்டியைக் கொதிக்க வைக்க வேண்டாமா?”

“நல்ல கிணத்துத் தண்ணி. அலசுனாப் போதும்.”

“பவுனுக்கு இதெல்லாம் தெரியாதோ?”

“அவளுக்கு என்ன தெரியும்? அப்போ கல்யாணம்கூட ஆகல. பக்கத்துல உக்கார வச்சு நான்தான்...”

சடையப்பன் தான் கலந்த பாலைப் பார்த்தார்.

சாமி அந்தப் பாலைக் கொட்டினார். புட்டியையும் ரப்பர் காம்பையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டார். வேறு தண்ணீரைக் கொதிக்க வைத்து, நாலு அவுன்ஸ் ஊற்றினார். தலைதட்டி நாலு கரண்டி போட்டுக் கலக்கி, சூடு ஆறும்வரை காத்திருந்தார். வாசலில் குழந்தையின் அழுகையும், அதைத் தேற்றும் குரலும் கேட்டன. சடையப்பன் கேட்டுக்கொண்டே நின்றார்.

“புள்ளையக் கொன்னவ அவதான்னு ஊரெல்லாம் சொன்னேன் சாமி. ‘நீ சொன்னபடிதானே செஞ்சேன் அண்ணே’ன்னு ஒரு வார்த்தை அவ சொல்லலியே.”

சாமி பால்புட்டியை அவர் கையில் கொடுத்தார்.

“பேச விட்டீங்களா?”