எந்தக் கழிவறையைப் புதுப்பிப்பது?

ஓய்வுபெற்ற எஞ்சினியர் வைத்தியலிங்கம் தம் மதுரை வீட்டை விற்க இருந்தார். அதற்கு முன் நான்கு கழிவறைகளில் எதைப் புதுப்பித்தால் செலவுக்குப் பலன் கிடைக்கும் என்று அவருக்குப் பிடிபடவில்லை. வீடு பார்க்க வந்த தம்பதியின் எதிரிலேயே, பத்து வருஷமாக அவற்றைக் கழுவும் மூக்காயியைக் கூப்பிட்டார்.

"இவ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி. ஏ மூக்காயி, நாலுல எது வசதி, எது மோசம்? இப்பவே சொல்லணும். உளறினே, இவங்ககிட்ட உன்னை வேலைக்குச் சேர்த்துவிட மாட்டேன்."

மூக்காயி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள்.

"கழுவ மட்டும்தானேய்யா விட்டீக! ஒருநா நாலுலயும் போய்ப் பார்க்க உத்தரவு குடுங்க, சரியாச் சொல்லிப்புடுறேன்."

"அப்போ இத்தனை வருஷமா எங்கம்மா போனே?" என்று கேட்டார் வந்த அம்மாள்.

"முக்குல இருக்கிற பெட்ரோல் பங்க்குக்கும்மா."

வைத்தியலிங்கத்தின் முகம் தொங்கிப்போயிற்று. அவள் வெளியே போய் வரும்போதெல்லாம், "எங்கே ஊர் சுத்திட்டு வர்றே?" என்று அதட்டியவர் அவர்தான்.

"நாங்க வந்தாலும் நீயே இரும்மா" என்ற அந்த அம்மாளும் தலை நிமிரவில்லை. தன் வீட்டில் வேலை செய்பவள் எங்கே போகிறாள் என்று அவரும் இதுவரை கேட்டதில்லை.