கறுப்புக் கரையில் ஒரு வெள்ளை இழை

வயிற்றெரிச்சலுக்கு வயசு ஏது? அறுபது தாண்டியும் சிக்கண்ணனுக்கு அது ஆறவில்லை.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ வந்து எடுத்துப் போன கம்பளி நெசவுப் படத்தை அன்றைக்குச் சமுதாயக் கூடத்தில் போட்டுக் காட்டினார்கள். கறுப்பு வெள்ளைப் படம். ஆட்டு மயிர் கத்தரிப்பது, நூல் நூற்பது, தறியில் ஏற்றும் பாவு நூலுக்குப் புளியங்கொட்டைப் பசை தடவுவது எல்லாம் இருந்தது. பசை தடவிய சிக்கண்ணனுக்கு முதுகு மட்டும்தான் தெரிந்தது. தறியில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தவன் மல்லையன், அவனோடு ஒன்றாகத் தொழில் கற்றவன். கூடமே கைதட்டியது.

சிக்கண்ணன் நேரே குரு பீரப்பர் வீட்டுக்குப் போனான்.

"அன்னைக்கு ஏன்யா அவனைத் தறியில உக்கார வச்சீங்க? நான் என்ன கை விளங்காதவனா?"

பீரப்பர் ஆட்டு மயிரைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"படம் பாத்தியா?"

"பாத்தேன், பாத்தேன். சந்தி சிரிக்குது! கம்பளியோட கறுப்புக் கரையில இழை அறுந்துபோச்சு. கறுப்பு நூல் கைக்கு எட்டலைன்னு வெள்ளையை எடுத்து முடிஞ்சுட்டான். இதுக்குக் கைதட்டு வேற."

"அப்புறம்?"

"அவனுக்குப் படத்தைக் குடுத்தீங்க, போகட்டும். எனக்கு உங்க கையால நெய்ததைக் குடுத்தீங்க." தோளில் கிடந்த கம்பளியைத் தட்டிக் காட்டினான். படம் எடுத்த அந்த வருஷமே அவன் கல்யாணத்துக்குக் குரு போர்த்தியது. "எத்தனை மழை, எத்தனை பனி! ஒரு சொட்டு உள்ள இறங்கினதில்ல. இப்படி ஒண்ணு அவன் நெய்வானா? நெய்வான்னு உங்க வாயால சொல்லிட்டா, இனி இந்த வாசப்படி மிதிக்கமாட்டேன்."

"என் கையால நெய்ததுன்னு யார் சொன்னா?"

சிக்கண்ணன் கம்பளியைத் தோளிலிருந்து எடுத்தான்.

"கரையைப் பாரு."

விரித்தான். கறுப்புக்கு நடுவில் சாண் நீளத்துக்கு ஒற்றை வெள்ளை இழை, தலையில் முடிச்சு. குரு தனக்கென்று வைத்த அடையாளம் என்று நாற்பது வருஷமாக ஊரெல்லாம் காட்டிப் பீற்றிக்கொண்ட இழை.

முகம் செத்துப் போயிற்று. கம்பளியைத் திரும்பத் தோளில் போடக் கை வரவில்லை. கீழே வைக்கவும் மனசு வரவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாய்யா?"

பீரப்பர் அப்போதுதான் நிமிர்ந்தார்.

"சொல்லியிருந்தா போத்தியிருப்பியா?"