ஒதுங்கச் சொன்ன காட்டுப்பன்றி

மூங்கில் காட்டில் செதிலம்மா என்ற எறும்புத்தின்னி இருந்தாள். தினமும் சாயங்காலம் தன் குட்டியை வாலின்மேல் ஏற்றிக்கொண்டு சரிவுப் பாதையில் ஓடைக்குப் போவாள். மெதுவாகத்தான் போவாள். பிள்ளையை வாலில் வைத்துக்கொண்டு ஓடவா முடியும்?

அதே பாதையில்தான் முரடன் என்ற காட்டுப்பன்றியும் வருவான். வருவானா? பாய்வான்! கீழே பலாப்பழம் விழுந்திருக்கும். மற்றவர்கள் தின்பதற்குள் போய்விட வேண்டும். அவ்வளவுதான் அவன் அவசரம்.

"ஏய், ஒதுங்கு! ஊர்வலமா போற?"

"பாதி வழி உனக்கு விட்டுத்தானே போறேன். கொஞ்சம் நின்னு, பார்த்துத் தாண்டிப் போயேன்!"

"நிக்கிறதா? நானா? நீ புதருக்குள்ள இறங்கி நட!"

"புதரெல்லாம் முள்ளு. என் பிள்ளை விழுந்தா நீயா தூக்குவ?"

சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். பாறை வளைவில் பாதை குறுகல். முன்னால் யார் போகிறார்கள் என்பதும் தெரியாது. அங்கேயாவது மெதுவாக வா என்று கெஞ்சினாள். அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு நாள் அதே வளைவில், அவள் முதுகுக்குப் பின்னால் வந்து உறுமினான். "ஒதுங்கு!"

பயந்தால் எறும்புத்தின்னி ஒதுங்காது. நின்ற இடத்திலேயே சுருண்டுகொள்ளும். காட்டில் எல்லாருக்கும் இது தெரியும், அந்தத் தடியனைத் தவிர! நழுவி விழுந்த குட்டியை வயிற்றோடு அணைத்துச் சுருண்டாள் செதிலம்மா. முரடனால் நிற்க முடியவில்லை. மோதினான். அவள் முதுகுச் செதில்கள் பிய்ந்து தெறித்தன. அவனும் சரிவில் உருண்டு காலை முறித்துக்கொண்டான்.

செதிலம்மா மெல்ல விரிந்தாள். குட்டி அசையவில்லை. அவளுக்கு உயிரே போய்விட்டது. நக்கினாள், உலுக்கினாள். "அம்மா" என்று முனகியது குட்டி. அப்புறம் வந்தது பாருங்கள் அவளுக்குக் கோபம்!

"அடப்பாவி! ஒரு பலாச்சுளைக்கு என் பிள்ளையைக் கொல்லப் பார்த்தியே! கொஞ்சம் பொறுத்திருந்தா உன் குடியா முழுகியிருக்கும்?"

முரடன் முறிந்த காலோடு சரிவில் முனகிக்கொண்டு கிடந்தான்.

மழைக்காலம் முடிந்து அவன் எழுந்தபோது ஒரு கால் விந்தியது. ஒரு சாயங்காலம் பாறை வளைவில் மெல்ல நடந்துகொண்டிருந்தான். பின்னால் அவன் சொந்தத் தம்பிகளே பாய்ந்து வந்தார்கள்.

"ஏய் நொண்டி, ஒதுங்கு!"

ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் சரிவு. எங்கே ஒதுங்குவது?

அவனுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த செதிலம்மா பாதை நடுவில் திரும்பி நின்றாள்.

"நில்லுங்கடா! முன்னால ஒருத்தன் நடக்கறது கண்ணுக்குத் தெரியலையா?"

தம்பிகள் சறுக்கிக்கொண்டு நின்றார்கள். செதில் போன அவள் முதுகைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். வளைவு தாண்டும்வரை பின்னாலேயே மெதுவாக வந்தார்கள்.

முரடன் கண்கலங்கினான். "என்னை மன்னிச்சிடு அக்கா!"

"மன்னிக்கலை," என்றாள் செதிலம்மா. "பார்த்து நட."

பாதை வேகமாகப் போகிறவனுக்கு மட்டும் சொந்தமில்லை. முன்னால் மெதுவாகப் போகிறவரைக் கண்டால் வேகத்தைக் குறைத்து, வழி தெரியும்வரை பொறுத்துத்தான் தாண்ட வேண்டும்.