தவமணி ஆயில் மாத்தின கதை

போடியில நத்தர்னு ஒரு மெக்கானிக் இருக்காரு. அவருக்கு ஒரே ஒரு சீடன், பேரு தவமணி. இதுல சீடனுக்குத்தான் வயசு கூட. நத்தருக்கு இன்னும் நாப்பது ஆகலை. தவமணி அம்பதைத் தாண்டி தலை வெளுத்த ஆளு. அதனால குரு சீடனை 'அண்ணே'ம்பாரு, சீடன் குருவை 'பாய்'ம்பாரு. ஜீப் ஸ்டாண்டுல நாங்க இதை வச்சு ஓட்டாத நாளே கிடையாது. ரெண்டு பேரும் அதைக் கண்டுக்கிட்டதும் கிடையாது.

தவமணியும் என்னை மாதிரி ஜீப் டிரைவர்தான். விடியக்காலம் ஏலத்தோட்டத்துக்குப் போற பொம்பளைகளை ஏத்திக்கிட்டு மலைப்பாதையில மெட்டு ஏறணும். சாயங்காலம் போயி இறக்கிக் கொண்டாரணும். அவரு வண்டி ரொம்பப் பழசு, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ரகம். தோட்டத்துக்குள்ள சேறும் பாறையுமா கிடக்கிற பாதையில அதுதான் ஏறும். நடுவுல பகல் பூரா அவருக்கு வேலை இல்லை. சம்சாரம் செத்ததுக்கப்புறம் அந்தப் பகல்ல வீட்டுக்குப் போக அவருக்கு மனசு வரலை. நத்தர் பட்டறையில வந்து உட்கார ஆரம்பிச்சாரு. உட்கார்ந்தவரு ஸ்பானர் எடுத்துக் குடுத்தாரு, அப்புறம் வண்டிக்கு அடியில படுத்தாரு, கடைசியில சீடனாவே ஆயிட்டாரு.

நத்தர் அதிகம் பேச மாட்டாரு. ஒரு கேள்வி கேட்டா பதில் உடனே வராது. சில சமயம் மறுநாள் வரும், சில சமயம் வரவே வராது. எனக்கெல்லாம் அந்த மனுசன்கிட்ட அஞ்சு நிமிஷம் நின்னா எரிச்சலாயிரும். தவமணிக்கு எப்படியோ அது ஒத்துப்போச்சு.

அன்னைக்கு வியாழக்கிழமை. என் வண்டி கிளட்ச் போயி பட்டறையில கிடந்துச்சு, நானும் கூடவே கிடந்தேன். தவமணி மெட்டுல இருந்து இறங்கி நேரா அங்க வந்தாரு. முகம் கடுகடுன்னு இருந்துச்சு.

விஷயம் இதுதான். வர்ற ஞாயித்துக்கிழமை அவரு தம்பி ஒச்சப்பன் மகளுக்குக் காதுகுத்து. பெரியப்பாதான் முன்னால நிக்கணும்னு தம்பி சொல்லி விட்டிருக்கான். தவமணிக்குப் பிள்ளைகுட்டி இல்லை. இந்தத் தம்பியை விட்டா ரத்த சொந்தம்னு சொல்லிக்க ஒருத்தரும் இல்லை. ஆனா அவன் பேரைக் கேட்டாலே அவருக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வரும்.

அதுலயும் நியாயம் இல்லாம இல்லை. ஒச்சப்பனுக்கு விவரம் தெரியறதுக்கு முன்னாலயே ஆத்தா போய்ச் சேர்ந்திருச்சு. அண்ணன் சம்சாரம் பூங்கோதைதான் அவனை ஊட்டி வளர்த்துச்சு. அந்தம்மா தேனி ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, கண்ணு முழிக்கிறப்ப எல்லாம் ஒச்சு வந்தானா, ஒச்சு வந்தானான்னுதான் கேட்டுச்சாம். இந்தா இருக்கு தேனி, பஸ் ஏறினா போயிரலாம். அவன் போகலை. சுடுகாட்டுக்குத்தான் வந்தான். வந்தவன் ஓரமா நின்னுட்டுப் போயிட்டான். ஏன் வரலைன்னு அவனும் சொல்லலை, இவரும் கேட்கலை. கேட்காமலே வருஷம் ஓடிப்போச்சு.

"சபையில வச்சுக் கேட்கப் போறேன் பாய்," ன்னாரு தவமணி.

மாமன் மச்சான் பூராம் வந்திருப்பாங்க, சீர்த்தட்டு வந்து இறங்கும், அந்த நேரம் பார்த்து எந்திரிச்சு நின்னு ஆதியோட அந்தமா எல்லாத்தையும் சொல்லிட்டு, துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு வந்துருவாராம். என்ன என்ன பேசணும்னு படுக்கையில கிடந்தே வரிசை பண்ணி வச்சிருந்தாரு. எங்ககிட்ட ஒருவாட்டி பேசியும் காமிச்சாரு. பூங்கோதை கேட்டதைச் சொல்ற இடத்துல அவருக்குக் குரல் உடைஞ்சுபோச்சு. எனக்கே ஒச்சப்பனைப் பிடிச்சு நாலு சாத்து சாத்தணும்போல இருந்துச்சு. விட்டுறாதீங்க, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேளுங்கன்னு நானும் ஏத்திவிட்டேன்.

நத்தர் ஒரு டைனமோவைத் துடைச்சுக்கிட்டே இருந்தாரு.

தவமணி அவரு பக்கம் திரும்பினாரு. "உள்ள கிடக்கிறதை ஒண்ணு விடாம வெளியே விட்டுட்டா மனசு லேசாயிரும்ல, பாய்?"

நத்தர் துணியைக் கீழே வச்சாரு. "உங்க வண்டிக்கு ஆயில் மாத்தி ரொம்ப நாளாச்சேண்ணே."

"போன மாசம்தானே மாத்தினோம்."

"அது என்ஜின் ஆயில். நான் கியர் பெட்டியச் சொல்றேன். வண்டி இப்பத்தான் மலையில இருந்து வந்திருக்கு, சூடா இருக்கு. நல்லா இறங்கும். நீங்களே மாத்துங்க."

நான் கேட்டது என்ன, இவரு சொல்றது என்னங்கிற மாதிரி தவமணி என்னைப் பார்த்தாரு. நான் தலையில அடிச்சுக்கிட்டேன். ஆனாலும் சீடனாச்சே, கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வண்டிக்கு அடியில போயிட்டாரு.

இந்த ரக வண்டியில கியர் பெட்டிக்குப் பின்னாலேயே ஒட்டினாப்புல இன்னொரு பெட்டி இருக்கும். என்ஜினோட இழுவையை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரிச்சுக் குடுக்கிறது அதுதான். ரெண்டு பெட்டிக்கும் தனித்தனி ஆயில். ஒவ்வொண்ணுலயும் ரெண்டு போல்ட்டு. அடியில இருக்கிறது பழைய ஆயிலை இறக்க. பக்கவாட்டுல இருக்கிறது புதுசை ஊத்த. ஊத்திக்கிட்டே வந்தா அந்தப் பக்கத்து ஓட்டை வழியா வழியும். வழிஞ்சா பெட்டி நிறைஞ்சிருச்சுன்னு அர்த்தம். அம்புட்டுத்தான் வேலை.

தவமணி ஒரு பழைய சட்டியை அடியில வச்சு, எடுத்த எடுப்புல ரெண்டு பெட்டியோட கீழ் போல்ட்டையும் கழட்டிவிட்டாரு. ஆயில் தார் மாதிரி கறுப்பா இறங்குச்சு. அழுகின முட்டை நாத்தம் பட்டறை பூராம் தூக்கிருச்சு. கோபத்துல இருக்கிற ஆளுக்கு இந்த மாதிரி வேலை கிடைச்சா கேட்கவா வேணும். எம்புட்டுக் கசடு பாருங்க, இதை வச்சுக்கிட்டா இத்தனை நாள் ஓட்டினேன்னு அடியில கிடந்தே பேசினாரு. கடைசிச் சொட்டு விழற வரைக்கும் பொறுமையா இருந்தாரு. போல்ட்டைத் துடைச்சுத் திரும்ப முறுக்கினாரு. நத்தர் டைனமோவை வச்சுட்டு அதையெல்லாம் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தாரு.

அப்புறம் பக்கத்து போல்ட்டுக்கு வந்தாரு. கியர் பெட்டியோடது லேசாத் திரும்பிக் கையோட வந்துருச்சு. பின் பெட்டியோடது அசையலை.

இன்னும் கொஞ்சம் பலம் போட்டாரு. ஸ்பானர் வழுக்கி, கைமுட்டி சேஸிஸ் இரும்புல இடிச்சுத் தோல் உரிஞ்சுபோச்சு. விளக்கைப் பிடிச்சுப் பார்த்தா, அந்த போல்ட்டோட தலை முன்னாடியே எவன் கையிலேயோ பட்டு மழுங்கிக் கிடக்கு. ஸ்பானர் பிடிக்க மூலையே இல்லை. துரு வேற ஏறி, பெட்டியோட ஒரே இரும்பாயிருச்சு.

எனக்கு முதல்ல சிரிப்புத்தான் வந்துச்சு. அப்புறம் மேல தோட்டத்துல இருக்கிற பொம்பளைக ஞாபகம் வந்துச்சு, சிரிப்பு நின்னுபோச்சு. அந்தப் பெட்டியில ஆயில் இல்லாம மெட்டு ஏறினா பல்சக்கரம் ஒண்ணோட ஒண்ணு தேய்ஞ்சு பாதி வழியில பிடிச்சுக்கும். என் வண்டிக்குக் கிளட்ச் இல்லை, ஸ்டாண்டுல இருக்கிற மத்த வண்டிக அவங்கவங்க தோட்டத்துக்குப் போயிரும். பொம்பளைக நாலு மணிக்கு வேலை விட்டு வந்து, பனியில பாதையையே பார்த்துக்கிட்டு நிப்பாங்க. இருட்டினா அங்க யானை இறங்கும்.

தவமணி வெளியே வந்தாரு. முகமெல்லாம் ஆயில், கையில ரத்தம்.

"இது வராதுன்னு உங்களுக்குத் தெரியுமா பாய்?"

"தெரியாதுண்ணே. திறந்து பார்த்தாத்தானே தெரியும்."

"நான் கீழ கழட்டுறப்ப பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

நத்தர் மண்ணெண்ணெய் டப்பாவை எடுத்துக் கிட்ட வச்சாரு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஏன்யா, ஆளு தப்புப் பண்றது தெரிஞ்சும் வேடிக்கை பார்த்தியான்னு நான்தான் கேட்டுட்டேன். தவமணி என்னைக் கையமர்த்திட்டு, குரலைத் தணிச்சுக்கிட்டுக் கேட்டாரு.

"நீங்களா இருந்தா எதை முதல்ல கழட்டியிருப்பீங்க?"

"ஊத்துற போல்ட்டைத்தான்."

"அது வரலைன்னா?"

"வர்ற வரைக்கும் அடியில கை வைக்க மாட்டேன். கறுத்திருந்தாலும் அது ஆயில்தானேண்ணே. வண்டி அதுலதான் ஓடிக்கிட்டிருந்துச்சு."

சொல்லிட்டு அவரே அடியில போனாரு. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல படுத்துக்கிட்டாங்க. மண்ணெண்ணெயை விட்டு ஊற வச்சாங்க. போல்ட்டைச் சுத்தி லேசாத் தட்டினாங்க, மறுபடியும் விட்டாங்க. தவமணி அவசரத்துல சம்மட்டியை எடுத்தப்ப, பெட்டி வார்ப்பு இரும்பு, ஓங்கினா விண்டுரும்னு நத்தர் அதை வாங்கி வச்சுட்டாரு. ரெண்டு தடவை டீ வந்துச்சு, ரெண்டு தடவையும் ஆறிப்போச்சு. கடைசியில பக்கத்துப் பட்டறையில இருந்து வெல்டிங் மிஷினை இழுத்துட்டு வந்து, மழுங்கின தலை மேல ஒரு நட்டை வச்சுப் பத்த வச்சாங்க. அந்தச் சூடு ஆறுற வரைக்கும் தவமணி வாசலுக்கும் வண்டிக்குமா நடந்துக்கிட்டே இருந்தாரு. மலை மேல மேகம் இறங்க ஆரம்பிச்சிருச்சு.

மூணு மணிக்கு மேல ஆகிருச்சு. ஸ்பானரை மாட்டி நத்தர் தவமணி கையில குடுத்தாரு. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அவரு மெல்ல இழுத்தாரு. டக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு, போல்ட்டு சுத்துச்சு. சத்தியமாச் சொல்றேன், எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. ஆயிலை ஊத்தி, ஓட்டையில வழியறதை விரல்ல தொட்டுப் பார்த்துட்டு, தவமணி அப்படியே கொஞ்ச நேரம் மல்லாக்கப் படுத்துக் கிடந்தாரு. புது போல்ட்டை நத்தர் எடுத்துக் குடுத்தாரு. முறுக்கி முடிச்சாச்சு.

தவமணி கையைக் கழுவிட்டு சீட்டுல ஏறி உட்கார்ந்தாரு. கிளம்ப வேண்டிய நேரம், ஆனா சாவியைத் திருப்பலை. நத்தர் ஜன்னல்கிட்ட வந்து நின்னாரு.

"அப்ப ஞாயித்துக்கிழமை நான் வாயைத் திறக்கக் கூடாதுங்கிறீங்க."

"நான் எங்கண்ணே அப்படிச் சொன்னேன்? கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் செய்யணும். உங்க வீட்டம்மா கேட்ட கேள்வி அது. எத்தனை காலத்துக்கு அதை உள்ளேயே வச்சு ஓட்டுவீங்க?"

"அப்புறம் என்ன?"

"தம்பி வீட்டுல கடைசியா எப்பண்ணே கை நனைச்சீங்க?"

தவமணி ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டு மலையைப் பார்த்தாரு.

"அவ இருக்கறப்ப," ன்னாரு.

"பொம்பளைகளை இறக்கி விட்டுட்டு, இன்னைக்குச் சாப்பாட்டுக்கு அங்க போங்கண்ணே," ன்னாரு நத்தர். "ஒரு வாய் உள்ள இறங்குதான்னு முதல்ல பாருங்க. ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கு."