அடுத்த அறை

மாதா கோவில் மண்டபத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறைகள். ஞாயிறு சாயங்காலம் ஒன்றில் குடியை விட வந்தவர்கள் கூடுவார்கள். மற்றதில் அவர்களுடைய வீட்டார். வீட்டார் என்றால் மனைவிகள்தான். வேறு யார் வந்து உட்காரப்போகிறார்கள்.

வேதவல்லி முதலில் போய் நின்றது சரியான வாசலில்தான். டீ ஊற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தங்கச்சி, வீட்டு ஆளுங்களுக்கு அடுத்த ரூம்மா."

நல்ல மனிதர். நல்ல மனதோடுதான் சொன்னார். மறுத்துப் பேச அவளுக்கு வாய் வரவில்லை. அடுத்த அறைக்குப் போனாள்.

அந்த அறையை நடத்தியவள் பிலோமினா. கணவன் சூசை குடித்த காலமெல்லாம் அடியும் வாங்கி, குடும்பத்தையும் தூக்கி நிறுத்தியவள். அங்கே வரும் பெண்களுக்கு அவள் சொல்தான் வேதவாக்கு. குரு என்று யாராவது கூப்பிட்டிருந்தால் திட்டியிருப்பாள்.

வேதவல்லி பேசும் முறை வந்தது.

"என் வீட்டுக்காரரு குடிக்கிறாரு" என்றாள்.

அவள் கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். காப்பிகூடக் குடிக்காத மனிதர். பழியை அவர் தலையில் கட்டிவிட்டு அவள் தன் கதையைச் சொன்னாள். குவார்ட்டர் பாட்டிலை அரிசி டின்னுக்குள் புதைத்து வைப்பது, எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் குடிப்பது, பிறகு கிராம்பை மெல்லுவது. பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். மஸ்கட்காரரை, அவர் ஊரிலேயே இல்லை என்பது தெரியாமல், வண்டி வண்டியாகத் திட்டினார்கள்.

ஒவ்வொரு ஞாயிறும் இப்படியே போனது. சொல்லச் சொல்ல அவளுக்கு மனசு லேசாக இருந்தது. வீட்டுக்குப் போனதும் கை மறுபடி அரிசி டின்னுக்குள் போனது.

ஒரு நாள் எல்லோரும் போன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

"அக்கா, அவரு எப்பதான் நிறுத்துவாரு?"

"கூட்டிட்டு வா. கேட்டுருவோம்."

"வர மாட்டாரு. வெக்கப்படுவாரு."

"ஆம்பளையா? பக்கத்து ரூம்ல இருக்கறதுல பாதிப்பேர் பஸ் ஸ்டாண்டுல வேட்டி அவுந்து கெடந்தவங்க. இப்ப டீ நல்லாயில்லன்னு சண்டை போடுறாங்க. அவங்களுக்கு என்ன வெக்கம்?"

வேதவல்லி புடவைத் தலைப்பைக் கசக்கினாள்.

"அக்கா, குடிக்கிறது நான்."

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"நீ அரிசி டின்னுன்னு சொன்ன அன்னிக்கே. எந்தப் புருஷனுக்கு வீட்டுல அரிசி எங்க இருக்குன்னு தெரியும்?"

வேதவல்லிக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியில் அழுகையாகிவிட்டது.

"எம் பொண்ணு ஸ்கூல்லேருந்து வந்ததும் என் வாயை மோந்து பாத்துட்டுதான் பையையே இறக்குறா. அவங்கப்பா வந்ததும் சொல்லிருவேங்குறா. சொன்னா அவளை அத்தை வீட்டுல கொண்டுபோய் விட்டுருவாரு. அவ இல்லாம நான் இருக்க மாட்டேன்க்கா."

"சரி."

"நான் இங்கயே ஒரு ஓரமா உக்காந்துக்கிறேன். ஆம்பளைங்க நடுவுல போயி என்னால சொல்ல முடியாது."

பிலோமினா எழுந்தாள். விளக்கை அணைத்துவிட்டுக் கதவைப் பூட்டினாள்.

அடுத்த ஞாயிறு வேதவல்லி வந்தபோது பிலோமினா வாசலில் குறுக்கே கை வைத்து நின்றாள்.

"இது வீட்டு ஆளுங்களுக்கு."

"அக்கா, நான்தான்."

"தெரியுது. உள்ள விட மாட்டேன்."

மற்ற பெண்கள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்கள். வேதவல்லிக்கு முகம் சிவந்துவிட்டது.

"அங்க போனா இங்க போன்னாங்க. இங்க வந்தா நீங்க கையை வெச்சு மறிக்கிறீங்க. அப்ப நான் எங்கதான் போயித் தொலையிறது? குடிக்கிறவளுக்கு ஊர்ல சாராயக்கடை மட்டும்தான் கதவைத் திறந்து வெச்சிருக்கணுமா?"

"கோவம் வருதா?"

"வருது."

"ஆறறதுக்குள்ள போ."

வேதவல்லி திரும்பினாள். பக்கத்து வாசலுக்கு நாலு எட்டுதான். டீக்காரர் வாயைத் திறப்பதற்குள் அவள் பேசிவிட்டாள்.

"அண்ணே, எம் பேரு வேதவல்லி. நான் குடிநோயாளி. கொஞ்சம் தள்ளுங்க, நான் உக்காரணும்."

அவர் ஒதுங்கி நின்றார். அறையில் இருந்த எல்லோரும் தலையைக் குனிந்து கொண்டார்கள். ஒருவர் மட்டும் காலம் கெட்டுப்போச்சு என்று தனக்குள் சொல்வது போல எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

கடைசியில் சூசைதான் எழுந்தார். கூட்டத்தில் அவர் மூத்தவர். குடியை விட்டு வெகுகாலம் ஆனவர்.

"தப்பா எடுத்துக்காதம்மா. இங்க நாங்க மனசு விட்டுப் பேசுற இடம். பொம்பளைங்களை வெச்சுக்கிட்டு எப்படிப் பேசுறது?"

வேதவல்லி அவரைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

வாசலில் பிலோமினா வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் அந்த அறைப் பெண்கள் எல்லோரும் நின்றார்கள்.

"ஏங்க" என்றாள் கணவனிடம். "எங்களை வெச்சுக்கிட்டுத்தான குடிச்சீங்க? இவளை வெச்சுக்கிட்டுப் பேசுங்க."