முட்டையில்லாத விலாங்கு

"கீழே ஆத்துக்குக் குறுக்கே அணை கட்டினா எங்க மலை முழுகாது. ரோடு வேற போட்டுத் தர்றாங்க. வெள்ளிக்கிழமை சம்மதம்னு கையெழுத்துப் போடவா, வேண்டாமா?"

கேட்டவர் மலையூர் மூப்பர் இடும்பன். வயது அறுபது. அவருடைய குரு செங்கமலத்துக்கு முப்பத்தைந்துதான். அந்த வருத்தம் மூப்பருக்கு உண்டு.

குரு அடுப்பில் கொதித்த மீன் குழம்பைக் காட்டினாள்.

"இந்த விலாங்கு எங்கே பொறந்தது?"

"எங்க சுனையிலதான். இது தெரியாதா தாயி?"

"இத்தனை வருஷத்துல முட்டையோட ஒரு விலாங்கு அறுத்திருக்கீங்களா?"

மூப்பர் யோசித்தார். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"இதை உங்களுக்குத் தந்தவங்க கீழே இருக்காங்க. நன்றி சொல்லிட்டு வந்து கையெழுத்துப் போடுங்க."

முணுமுணுத்துக்கொண்டே ஆற்றோடு இறங்கினார்.

விலாங்கு எங்கேயிருந்து வருகிறது என்று வழியில் ஊருக்கு ஊர் கேட்டார். "எங்களுக்கும் கீழேருந்துதான் வருது" என்றே எல்லோரும் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் கடல் வந்துவிட்டது.

ஆறு கடலில் சேரும் இடத்தில் நல்ல மீன் துள்ளியது. வலைகளோ கரையில் சுருட்டிக் கிடந்தன. சூசையம்மாள் என்ற மீனவப் பெண் வெறும் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள்.

"ஏம்மா, வலை போடலையா?"

"விலாங்குக் குஞ்சு கடல்ல பொறந்து ஆத்துக்குள்ள ஏறுது அண்ணாச்சி. அது ஏறி முடியுற மட்டும் இங்க யாரும் வலை போடமாட்டோம்."

தண்ணீரைக் காட்டினாள். கண்ணாடி நூல் போலக் குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் மலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன.

"இதுல உங்களுக்கு என்ன லாபம்?"

"எங்களுக்கு என்ன? மேல இருக்கவுக சாப்பிடணும்லா."

"அவங்களைப் பாத்திருக்கியாம்மா?"

"எங்கே பாக்க! மலையிலேருந்து இதுவரை யாரும் வந்ததில்ல."

மூப்பர் கஞ்சியைக் கீழே வைத்தார். கண் நிறைந்துவிட்டது. தான் இன்னாரென்று சொல்லக்கூட வெட்கமாக இருந்தது.

சூசையம்மாள் விடவில்லை. "நீங்க நாலு ஊரு பாத்தவுக. மேல போறப்ப நல்லாக் கொழுத்திருக்குமா அண்ணாச்சி? குழம்பு ருசியா இருக்குமா?"

"இருக்கும் தாயி. ரொம்ப ருசியா இருக்கும்."

அவள் முகமெல்லாம் சிரிப்பு.

வியாழன் மாலை மூப்பர் மலைக்குத் திரும்பினார். குரு வாசலிலேயே நின்றாள்.

"நன்றி சொல்லியாச்சா?"

"இல்ல தாயி. நாளைக்குக் கையெழுத்துப் போடாமத்தான் சொல்லணும்."