இறங்கி வராத சம்பந்தம்

ஊசிக்குளத்துக்காரர்கள் யோசிக்காமல் எதையும் செய்வதில்லை. அதுதான் சிக்கல்.

சொரிமுத்துவுக்குக் கன்னியாகுமரியில் பெண் அமைந்தது. பெண் பகவதியைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பாக்கி இருந்தது ஒரே வழக்கு: கல்யாணம் எந்த ஊரில்? பேசி முடிக்க, பலவேசத்தையும் மாடக்கண்ணையும் துணை சேர்த்து மாப்பிள்ளையையே அனுப்பினார் பெரியப்பா.

"கல்யாணம் நம்ம ஊர்லதான். அவங்க இறங்கி வரட்டும். நீங்க இறங்கி வந்தீங்கன்னா என் மூஞ்சில முழிக்காதீங்க."

கன்னியாகுமரியில் மூவரையும் கண்டக்டர் தள்ளித்தான் இறக்கினார்.

"தள்ளி விட்டா கணக்குல வராது," என்றார் பலவேசம். "ஆனா உடனே எதுலயாவது ஏறிரணும். ஏறாதவன் எப்படில இறங்காம இருக்க முடியும்?"

கடற்கரையில் ராட்சத ராட்டினம் நின்றது. ஏறிவிட்டார்கள்.

பெண்ணின் அப்பா தாணுலிங்கம் தேடி வந்து கீழே நின்றார். "மாப்ள, வீட்டுக்கு வாங்க! காப்பி ஆறுது!"

"இறங்க மாட்டோம் மாமா!" என்பதற்குள் பெட்டி மேலே போய்விட்டது.

உச்சியில் மாடக்கண்ணுக்குச் சந்தேகம் வந்தது. "அண்ணே, இப்ப கீழ போகுதே. நாம இறங்கி வர்றோமோ?"

"பெட்டி இறங்குது. நாம உக்காந்துதானல இருக்கோம்?"

"பகவதி கிடைப்பாளாண்ணே?" என்றான் சொரிமுத்து, கம்பியைக் கட்டிக்கொண்டு.

"வாந்தி எடுக்காம இரு. கிடைப்பா."

சுற்றுக்கு ஒரு வாக்கியமாகப் பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் தாணுலிங்கத்துக்கே தலை சுற்றியது.

"சரிய்யா! கல்யாணம் உங்க ஊர்லயே! நான் இறங்கி வந்துட்டேன், போதுமா?"

மூவரும் அதிர்ந்துபோனார்கள். அடுத்த சுற்றில் பலவேசம் எட்டிப் பார்த்துக் கத்தினார்: "பொய் சொல்லாதீங்க மாமா! நீங்க இன்னும் ஏறவே இல்லையே!"

மகளுக்காக அந்த மனிதர் வேட்டியை மடித்துக் கட்டினார். ராட்டினக்காரர் நிறுத்திக்கொடுக்க, அடிப்பெட்டியில் ஏறினார். அப்போது மாப்பிள்ளை வீட்டார் உச்சியில் இருந்தார்கள். அரைச் சுற்று சுற்றியதும் கரண்ட் போய்விட்டது.

இப்போது மாப்பிள்ளை வீட்டார் தரைக்கு ஒரு சாண் மேலே. தாணுலிங்கம் உச்சியில்.

"இறங்குங்கய்யா," என்றார் ராட்டினக்காரர்.

"அவரு முதல்ல இறங்கட்டும்," என்றார் பலவேசம். பிறகு அண்ணாந்து, "மாமா, இறங்கி வாங்க!"

கடல்காற்றில் தாணுலிங்கத்தின் குரல் நடுங்கி வந்தது. "நான் ரெடிதான்யா! கரண்ட் வந்தா உடனே இறங்கி வர்றேன்!"

பலவேசம் மாப்பிள்ளையின் தோளில் கனிவாகக் கை வைத்தார்.

"இந்தச் சம்பந்தம் நமக்கு வேண்டாம்ல. இப்பவே நிபந்தனை போடுறாரு."